அத்தானின் இடது முழங்கால்

போன வாரம் மருந்துக் கடையில் முழங்காலுக்குப் பட்டை ஒன்று வாங்கினேன். ரப்பர் நூல் கலந்து நெய்தது. இழுத்தால் நீளும், விட்டால் இறுக்கிப் பிடிக்கும். கடைக்காரர் என்னை முக்காலியில் உட்காரவைத்து, வேட்டியை விலக்கச் சொல்லி, டேப்பைச் சுற்றி அளவு எடுத்தார். "எந்தக் காலு அண்ணாச்சி?" என்று கேட்டார். "இடது" என்று சொல்லும்போதே எனக்குக் குரல் இறங்கிவிட்டது. தேய்ந்துபோன என் மூட்டை நினைத்து எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. இந்த வயதில் அது தேயாமல் என்ன செய்யும்? வேறொரு இடது முழங்காலும், அதற்காக என் அக்கா கையால் தைத்த வேறொரு பட்டையும் ஞாபகத்துக்கு வந்தன. பழைய தோணிப் பாயில் கிழித்த துணி. நான்கு விரல் அகலம், இரண்டு முனையிலும் நாடா. அக்கா அதை மடித்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருப்பாள். வீட்டுக்கு வருகிறவர்கள் கண்ணில் அது பட்டுவிடக் கூடாது.

அது அத்தானுடைய பட்டை. அத்தான் என்றால் அக்காவின் கணவர். புதுக்கோட்டைக்காரர், மிஷன் பள்ளியில் எட்டாவது வரை படித்தவர். ஆறடிக்கு மேல் உயரம். எங்கள் வீட்டு நிலைப்படியில் குனிந்துதான் நுழைவார். தூத்துக்குடியில் அப்போது பெரிய கப்பல்கள் கரைக்கு வருவதில்லை. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், சரக்கெல்லாம் தோணியில் போய்வரும். கப்பலின் மேல்தட்டில் நின்று, கொக்கியை இறக்கு, ஏற்று, நிறுத்து என்று கை காட்டுவது அத்தானின் வேலை. கப்பல் வந்தால் சம்பளம், வராவிட்டால் இல்லை. யுத்தம் முடிந்தும் ரேஷன் முடியாத அந்த வருடங்களில், கடலைப் பார்த்துவிட்டுத்தான் அக்கா அடுப்புப் பற்றவைப்பாள் என்று நான் கேலி செய்வதுண்டு. இன்று அதை நினைத்தால் கேலியாகத் தோன்றவில்லை.

ஆனால் ஊர் அவரைத் தெரிந்துவைத்திருந்தது கொக்கிக்காக அல்ல, பாஸ்கட் பாலுக்காக. துறைமுகத்து அணியில், 'செட்' என்போம் அப்போது, அவர்தான் நடு ஆள். பலகையில் பட்டுத் திரும்பும் பந்தை, மற்றவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அத்தான் ஒற்றைக் கையால் பறித்துவிடுவார். அவசரப்பட மாட்டார். குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி பந்தை வளையத்துக்குள் போட்டுவிட்டுத் திரும்பி நடப்பார். மிஷன் பள்ளி மைதானத்தில் கோடை விடுமுறையில் கோப்பை ஆட்டம் நடக்கும். மில், துறைமுகம், உப்புக் கம்பெனி, பள்ளியின் பழைய மாணவர்கள் என்று நாலைந்து செட்டுகள். நல்ல ஆட்டக்காரன் என்றால் மில்லில் வேலை போட்டுக் கொடுத்துத் தங்கள் செட்டுக்கு இழுத்துக்கொள்வார்கள். பந்து போடத் தெரிந்தவனுக்கு அதுதான் ஆயுள் காப்பு. மாதச் சம்பளம், நிரந்தர ஆர்டர்.

இந்த இழுபறியை ஊரில் எங்களைவிடக் கவலையோடு கவனித்தவர்கள் யாரும் இல்லை. நாங்கள் நாலு பேர்: சலூன் வைத்திருந்த அண்ணாச்சி, ஒரு டிராயிங் மாஸ்டர், அரிசிக் கடைக்காரர் ஒருவர், கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த நான். நால்வரில் ஒருவனும் பந்தைத் தொட்டவன் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் சலூனில் கூடுவோம். பள்ளிக்கூடத்தில் கழித்துப்போட்ட கரும்பலகை ஒன்றை மாஸ்டர் கொண்டுவந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். அதில் ஒவ்வொரு செட்டின் பெயருக்குக் கீழும் ஐந்தைந்து ஆட்டக்காரர்கள். வரப்போகிற கோடைக்கு யார் எங்கே போவான் என்பதுதான் பேச்சு. ஒரு பெயரை அழித்து இன்னொரு செட்டில் எழுத வேண்டுமென்றால் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். சலூன் அண்ணாச்சி ஒப்புக்கொண்டால்தான் பலகையில் கை வைக்கலாம். கத்தி அவர் கையில் இருந்ததால் அவர் தீர்ப்பை யாரும் எதிர்ப்பதில்லை.

"மில்லுல மூணு பேரு புதுசாக் கல்யாணம் ஆனவனுவ. மழைக்கு முன்னாலயே மூச்சு வாங்கிரும் பாத்துக்கிடும்" என்பார் அரிசிக் கடைக்காரர். "அதுல ரெண்டு பேரத் தள்ளிட்டு உப்புக் கம்பெனில ஒருத்தன எடுத்தாப் போதும்" என்பார் மாஸ்டர். யாரை எடுப்பது, யாரைத் தள்ளுவது, யாருக்கு வயதாகிவிட்டது, யாருக்கு இன்னும் இரண்டு வருடம் ஓடும் என்று மணிக்கணக்கில் பேசுவோம். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிற தரகர்கள்கூட எங்களைவிடக் கொஞ்சம் கூச்சத்தோடு பேசியிருப்பார்கள். அந்த ஆட்டக்காரர்களுக்கும் குடும்பம் உண்டு, கால் வலி உண்டு என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. பலகைக்கு முன்னால் நின்றால் ஞாபகம் வராது, அவ்வளவுதான்.

அந்த மாசியில் ஊரெல்லாம் ஒரே பேச்சு: மில் ஸ்டோரில் ஓர் இடம் காலி, அதைத் துறைமுகத்து நடு ஆளுக்குக் கொடுக்கப்போகிறார்கள். வதந்தி அல்ல. மில் செட்டைப் பார்த்துக்கொண்ட டைம் கீப்பர் அத்தானைக் கூப்பிட்டுப் பேசியிருந்தார். புதன்கிழமை வந்து ஆர்டரை வாங்கிக்கொள்ளச் சொல்லியாயிற்று. அக்கா அதை என்னிடம் சொன்னபோது சிரிக்கவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றாள். அவளுடைய பயம் எனக்குத் தெரியும். முந்தைய ஐப்பசியில், கப்பலின் நூலேணியிலிருந்து தோணிக்குக் குதிக்கும்போது அலை தோணியைக் கீழே இழுத்துவிட, அத்தானின் இடது முழங்கால் தோணி விளிம்பில் மோதியிருந்தது. ஆட்டம் முடிந்த மறுநாள் காலையில் மூட்டு தேங்காய் அளவுக்கு வீங்கும். அக்கா உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பாள். அது அவர்கள் இருவருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

"ஏலே, ஸ்டோர் வேலைன்னா ஏணி ஏற வேண்டாம். காலு தன்னால சரியாயிரும். அதுவரைக்கும் நீ வாயத் தொறந்துராத" என்றாள் அக்கா. நான் அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்யப் போனேன். "சத்தியமெல்லாம் வேண்டாம், சும்மா இரு, போதும்" என்றாள்.

சும்மா இருந்தேன், மூன்று நாள். சனிக்கிழமை சலூனுக்குப் போனேன். பலகையைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல் வந்தது. ஏனென்றால் அதற்கு ஒரு மாதம் முன்பே, மில்லுக்கு மாப்பிள்ளையூரணிக் குட்டையன்தான் போவான் என்று அடித்துச் சொல்லியிருந்தேன். அவன் உப்புக் கம்பெனி செட்டில் ஆடியவன். குள்ளம், காற்று மாதிரி ஓடுவான். அன்றைக்கு மாஸ்டர் அத்தானின் பெயரை மில்லுக்குக் கீழே அழகான எழுத்தில் எழுதி, பக்கத்தில் ஒரு கோப்பையும் வரைந்துவைத்திருந்தார். "என்ன வே, சொந்த அத்தான் எங்கன போறாருன்னே ஒமக்குத் தெரியலியே, ஊரான் செட்டப் பத்தி என்னத்தத் தெரியப்போவுது" என்று அரிசிக் கடைக்காரர் சிரித்தார். சலூன் அண்ணாச்சியும் சிரித்தார். இவ்வளவுதான் நடந்தது. யாரும் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. நான் சொன்னது தப்பாகப் போய்விட்டது என்று மூன்று பேர் சிரித்தார்கள்.

நான் எழுந்து நின்றேன். "அழியும் வே. குட்டையன் பேர எழுதும்" என்றேன். "காரணம் சொல்லும்" என்றார் சலூன் அண்ணாச்சி. சொன்னேன். இடது முழங்கால், தோணி விளிம்பு, வீக்கம், உப்பு ஒத்தடம், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். "ஒரு கோடை தாங்காது. காலு போன ஆள வச்சு மில்லுக்காரன் என்ன பண்ணுவான்?" என்று முடித்தேன். அரிசிக் கடைக்காரர் வாயைப் பிளந்தார். மாஸ்டர் அண்ணாச்சியின் தீர்ப்புக்குக்கூடக் காத்திராமல் அத்தானின் பெயரை உள்ளங்கையால் அழித்தார். அந்த நிமிடம் எனக்கு இருந்த சந்தோஷத்தை எழுதாமல் விட்டால் இந்தக் குறிப்பே பொய்யாகிவிடும். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

நாற்காலியில் முகம் நிறைய சோப்பு நுரையோடு கண்ணை மூடிச் சாய்ந்திருந்தவர் மில் டைம் கீப்பர். சனிக்கிழமை தோறும் சவரத்துக்கு வருவார், எங்கள் பேச்சில் கலந்துகொள்ள மாட்டார். அவர் இருப்பதை மறந்துவிட்டேன் என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிவந்தேன். மறக்கவில்லை. பெரிய மனிதர் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்பில் குரலைக் கொஞ்சம் உயர்த்தித்தான் பேசினேன். சலூன் அண்ணாச்சியின் கத்தி அவர் தாடையில் அப்படியே நின்றது. அண்ணாச்சி என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு குனிந்து மிச்சத்தை வழித்தார்.

புதன்கிழமை அத்தான் சலவை வேட்டி கட்டிக்கொண்டு மில்லுக்குப் போனார். ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால், ஆபீஸ் அறையின் சிமெண்டுத் தரையில் அவரைப் பத்து முறை உட்கார்ந்து எழச் சொன்னார்களாம். குமாஸ்தாக்கள் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். ஆறு முறை எழுந்தார். ஏழாவது முறை மூட்டு பிடித்துக்கொண்டது. மேஜையைப் பிடித்துத்தான் எழ முடிந்தது. "சொல்லி அனுப்புதோம்" என்றார்களாம்.

அன்று சாயங்காலம் நான் போனபோது அத்தான் முற்றத்தில் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார். அக்கா என்னைப் பார்த்தாள். "ஏலே, நீ யார்ட்டயும் சொல்லலியே?" என்று கேட்டாள். "நான் எதுக்குச் சொல்லப்போறேன்?" என்றேன். அவள் பார்வை என்மேலேயே இருந்தது. இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் உளறியிருப்பேன். என்னைக் காப்பாற்றியது அத்தான்தான். "அவன எதுக்குக் கேக்க? என் நடையிலயே தெரிஞ்சிருக்கும். நமக்குத்தான் தெரியல" என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். முற்றத்திலிருந்து கிணற்றடிவரை நடந்து, திரும்பி வந்தார். "நல்லாப் பாத்துச் சொல்லு மாப்ள. நொண்டுதது தெரியுதா?"

அவர் நேராக நடந்தார். வளையத்துக்குள் பந்தைப் போட்டுவிட்டுத் திரும்பி வருகிற அதே நடை. அதில் எந்தக் குறையும் இல்லை. நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். "கொஞ்சம் தெரியத்தான் செய்யுது அத்தான்" என்றேன்.

அக்காவின் முகம் தெளிந்தது. அத்தான் தலையை ஆட்டினார். "நானும் நெனச்சேன்" என்றார்.

மில்லில் குட்டையனுக்கு ஆர்டர் போட்டார்கள். அடுத்த சனிக்கிழமை, நான் சொன்னது பலித்துவிட்டதென்று அரிசிக் கடைக்காரர் எனக்கு ஒரு கலர் வாங்கிக் கொடுத்தார். கோலி சோடா பாட்டிலில் சிவப்பாக இருந்தது. குடித்தேன். முழுவதும் குடித்தேன். சலூன் அண்ணாச்சி பலகையைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டியிருந்தார். ஏன் என்று மற்றவர்கள் கேட்டதற்கு, சாக்பீஸ் தூசி கண்ணாடியில் படிகிறது என்றார். அவர் கடைசிவரை யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குச் சவரம் செய்யும்போது பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டார்.

அத்தான் அந்தக் கோடையோடு ஆட்டத்தை விட்டார். கால் வலியால் அல்ல. ஜனங்கள் பார்க்கிற இடத்தில் நடக்க அவருக்குப் பிடிக்காமல் போய்விட்டது. விடியற்காலையில் கடற்கரைக்குப் போய் ஈர மணலில் நடப்பார். பிறகு திரும்பி வந்து தன் கால் தடங்களைக் குனிந்து பார்ப்பார், இடது தடம் அதிகம் அழுந்தியிருக்கிறதா என்று. நானே ஒருநாள் தூரத்திலிருந்து பார்த்தேன். என் கல்யாணத்தில் மாதா கோயிலுக்குள் முன்னால் நடந்துவர வேண்டியவர், பின்னால் கூட்டத்தோடு வந்தார். கப்பல் ஏணியிலேயே இன்னும் பதினெட்டு வருடம் ஏறி இறங்கினார். வருடத்துக்கு ஓரிரு முறை, இரண்டு பேரும் சேர்ந்து எங்கேயாவது போகும்போது, என்னைப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு நாலடி நடப்பார். "இப்பம் தெரியுதா மாப்ள?" என்பார். "இல்ல அத்தான், இப்பம் ரொம்பத் தேவல" என்பேன். அவருக்கு முகம் மலர்ந்துவிடும். முதலிலிருந்தே ஒன்றும் இல்லை என்று சொல்ல எனக்கு முப்பது வருடம் இருந்தது. சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி வரும்.

அவர் போய் ஐந்து வருடமாகிறது. சவப்பெட்டியில் கிடத்தியபோது கால்கள் இரண்டும் ஒரே நேராக இருந்தன. அக்கா இருக்கிறாள். கண் பார்வை போய்விட்டது. யாராவது பத்திரிகை வாசித்துக் காட்டினால் கேட்டுக்கொண்டிருப்பாள். இதையும் யாராவது வாசித்துக் காட்டுவார்கள். காட்டட்டும்.

மருந்துக் கடையில் பட்டையை மாட்டிவிட்டபின், கடைக்காரர் நடந்து பார்க்கச் சொன்னார். கண்ணாடி அலமாரியிலிருந்து வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். வலித்தது, காலை இழுத்துத்தான் நடந்தேன் என்று எனக்கே தெரியும். இருந்தும் வாயில் வந்துவிட்டது: "நொண்டுதது தெரியுதா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். முன்பின் தெரியாத மனிதர். "ஒண்ணுமே தெரியல அண்ணாச்சி. நல்லாத்தான் நடக்கீய" என்றார்.