ஓய்வுக்குப் பிறகு ஒரு புதன்கிழமை

என் மனைவி வசதியானவர்களுக்கு ஓய்வுக்காலத் திட்டம் போட்டுக் கொடுப்பவள். முப்பத்தோரு வருஷமாக அதே தொழில், அதே நான்காவது மாடி அலுவலகம். அங்கே வந்து போகிறவர்கள் அவளை "ரெண்டு ரூம் மேடம்" என்பார்கள். நான் வைத்த பெயர் இல்லை, ஆனால் வைத்தவர் வாய்க்குச் சர்க்கரை போடலாம்.

கணவன் மனைவியாக யார் வந்தாலும் முதல் வேலையாக இருவரையும் பிரித்துவிடுவாள். அலுவலகத்தில் கண்ணாடிக் கதவும் தோல் நாற்காலியுமாக நல்ல அறை ஒன்றுதான் உண்டு. அதில் மனைவி உட்காருவார். மூன்று வீடும் ஒரு தொழிற்சாலையும் வைத்திருக்கிற மகானுபாவர் ஜெராக்ஸ் மிஷின் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வேண்டும். ஆளுக்கு ஒரு வெள்ளைத் தாள், ஒரு பேனா.

"வேலையை விட்டு ரெண்டு வருஷம் ஆச்சுன்னு வெச்சுக்கோங்க. ஒரு புதன்கிழமை. எழுந்ததுலேர்ந்து மத்தியானச் சாப்பாடு வரைக்கும் என்ன பண்ணுவீங்க, எழுதுங்க."

இவ்வளவுதான் கேள்வி. ஞாயிற்றுக்கிழமையை ஓட்டுவதற்கு எல்லாருக்கும் தெரியும், புதன்கிழமையில்தான் வண்டவாளம் தெரியும் என்பாள். எழுதியதை அடித்துத் திருத்தலாம். இரண்டாவது தாள் மட்டும் கிடையாது. இரண்டாவது தாளில் எல்லாரும் நல்ல பிள்ளை ஆகிவிடுவார்கள் என்பது அவள் கட்சி. பணக் கணக்கு அரை மணி நேர வேலை, அதைக் கம்ப்யூட்டர் போட்டுவிடும், இந்த இரண்டு தாள்களையும் பொருத்தி வைக்கத்தான் எனக்குச் சம்பளம் என்று சொல்லிக்கொள்வாள்.

கறார் பேர்வழி. தொண்ணூறு வயது வரை உட்கார்ந்து சாப்பிடப் பணம் வைத்துக்கொண்டு, முதுகுவலிக்கு நல்ல மெத்தை வாங்க யோசித்த ஒரு மனுஷரை, ரசீதோடு வந்தால்தான் அடுத்த தடவை பார்ப்பேன் என்று திருப்பி அனுப்பியிருக்கிறாள். அவர் வாங்கினார். இன்றைக்கும் எங்கே பார்த்தாலும் மெத்தையைப் பற்றித்தான் பேசுகிறார்.

பம்பு தொழிற்சாலையை விற்றுவிட்டு வந்த ஒருவர் மலைமேல் பங்களா வாங்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அவர் தாளில் வரிக்கு வரி மனைவி. மனைவியோடு நடை, மனைவி கையால் காப்பி, பக்கத்தில் மனைவி உட்கார்ந்திருக்க இவர் பேப்பர் படிப்பது. அந்த அம்மாளின் தாளிலோ கணவர் மதியம் வரை தலையே காட்டவில்லை. கடைசி வரியில் "அவர் வந்தால் சாப்பிடுவோம்" என்று இருந்ததாம். பங்களா போயே போச்சு. ஊருக்குள்ளேயே ஒரு வீடு வாங்கி, பின்புறம் அவருக்கு ஒரு பட்டறையும், நடந்து போகிற தூரத்தில் அந்த அம்மாளுக்குப் பாட்டு வகுப்பும் ஏற்பாடாயின. இந்தக் கதையை என்னிடம் சொல்லிச் சிரித்துவிட்டுக் கடைசியில் ஒன்று சொன்னாள்.

"இப்படி ஒரு புருஷன் வீட்டுல காத்துக்கிட்டு இருந்தா, எந்தப் பொம்பளை வேலையை விடுவா?"

அது என் மண்டையில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

நான் பல் டாக்டர். நாற்பது வருஷம் எதிராளியின் வாயைத் திறந்து வைத்துவிட்டுப் பேசியவன், அதனால் யாரும் எனக்குப் பதில் பேசிப் பழக்கமில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் கிளினிக்கைக் கைமாற்றிக் கொடுத்தேன். திட்டம் போட்டவள் அவள் என்பதால் காசுக்குக் குறைவில்லை. அவளும் சீக்கிரம் விட்டுவிடுவாள் என்று பார்த்தேன். "இன்னும் ஒரு வருஷம்" என்றாள். மூன்று தடவை அதையே சொன்னாள்.

வீட்டில் காத்திருக்கிற புருஷன் என்று என்னை நினைத்துவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குப் பயம். அதனால் ஜம்பம் அடிக்க ஆரம்பித்தேன். செஸ் கிளப்பில் சேர்ந்துவிட்டேன் என்றேன். குதிரை எப்படி நகரும் என்பதே எனக்குச் சந்தேகம். நீச்சலுக்குப் போகிறேன் என்றேன். போனது நூலகத்துக்கு. ஒரே செய்தித்தாளை இரண்டு தடவை படித்துவிட்டு, வீட்டுக்கு வந்து, குழாயில் துண்டை நனைத்துப் பிழிந்து கொடியில் போடுவேன். சாயங்காலம் வந்ததும் துண்டைத் தொட்டுப் பார்த்து, "பரவாயில்லையே" என்பாள். எனக்குப் பெருமை வேறு.

போன வாரம் அவளுடைய கூட்டாளிகள் ஐந்து வருஷ ஒப்பந்தம் ஒன்றை நீட்டினார்கள். வெள்ளிக்கிழமை கையெழுத்து. போடட்டுமா என்று காலையில் காப்பி குடிக்கும்போது என்னைக் கேட்டாள். வேண்டாம், வீட்டுக்கு வந்துவிடு என்பது தொண்டை வரை வந்தது.

"உன் இஷ்டம். எனக்குத்தான் நிறைய வேலை இருக்கே," என்றது வாய்.

அவள் தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பினாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. எனக்கு அறுபத்தெட்டு, அவளுக்கு அறுபத்து நாலு. இன்னும் ஐந்து வருஷம் கழித்து யாருக்கு முழங்கால் மிஞ்சும், யாருக்குக் கண் மிஞ்சும் என்று யார் கண்டது?

அலுவலகத்துக்குப் போன் போட்டு மேனேஜர் அம்மாவிடம் புதன்கிழமை பதினோரு மணிக்கு நேரம் வாங்கினேன். கட்டணமும் கட்டினேன். அன்றைக்கு ஃபைலோடு வெளியே வந்த என் மனைவி வரவேற்பறையில் என்னைப் பார்த்து நின்றாள்.

"உங்க மிஸஸ் வரலையா?" என்றாள் சிரிக்காமல்.

"இங்கதான் வேலை பாக்குறாங்க. கொஞ்சம் கூப்பிட முடியுமா?"

விளையாட்டு என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள், இரண்டு தாள் எடுத்தாள். ஜெராக்ஸ் மிஷின் பக்கத்தில் நான், கண்ணாடி அறையில் அவள்.

நான் போட்ட கணக்கு இது: இவன் காலைச் சுற்றிக்கொண்டு திரியமாட்டான் என்று தெரிந்தால் தைரியமாக வேலையை விடுவாள். எழுதித் தள்ளினேன். ஆறு மணிக்கு நடை, ஏழுக்கு நீச்சல், ஒன்பதுக்கு செஸ், பதினொன்றுக்கு நூலகம். ஒரு மணிக்கு மனைவியோடு சாப்பாடு.

எழுதி முடித்ததும் என்னைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு, எதிரே உட்கார்ந்து என் தாளைப் படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "நல்லா இருக்கு," என்றாள், குரல் இறங்கிப்போயிருந்தது. தன்னுடையதைத் தராமல் மடித்தாள். நான் விடாமல் வாங்கிப் பார்த்தேன்.

"ஆறு மணிக்கு எழுந்திருப்பேன். அவரை எழுப்ப மாட்டேன், சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன். ஏழு மணிக்கு அவரோடு நீச்சல் குளத்துக்குப் போவேன். அவர் நீந்தி நான் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. கரையில் துண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பிறகு அவர் செஸ் ஆடப் போய்விட்டால் என்ன செய்வது என்று தெரியவில்லை."

அதற்குக் கீழே தாள் காலியாக இருந்தது.

"எனக்கு நீச்சல் தெரியாது," என்றேன்.

விழித்தாள். நூலகம், குழாய், துண்டு, குதிரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அசடு வழிந்துகொண்டு, இப்போது சிரிப்பாள் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை.

"மூணு வருஷமாவா?"

"மூணு வருஷமா."

"நீங்க பாட்டுக்கு சந்தோஷமா இருக்கீங்க, நடுவுல நான் எதுக்குன்னுதான் ஒவ்வொரு வருஷமும் தள்ளிப் போட்டேன்."

ஊரில் இருக்கிற ஜோடிகளையெல்லாம் பிரித்து உட்கார வைத்துக் கேட்டவள், எங்கள் இரண்டு பேரை மட்டும் கேட்காமல் விட்டிருக்கிறாள். நானும் வாயைத் திறக்கவில்லை. மூன்று வருஷம் அப்படியே போயிருக்கிறது.

அவள் எழுந்து போய்க் கதவைத் திறந்து, அந்த ஐந்து வருஷ ஒப்பந்தம் வேண்டாம் என்று கூட்டாளிகளிடம் சொல்லிவிடும்படி மேனேஜர் அம்மாவிடம் சொன்னாள். திரும்பி வந்து இன்னொரு தாளை எடுத்து என் முன்னால் தள்ளினாள். இரண்டாவது தாள்தான் கிடையாதே என்றேன்.

"எழுதுங்க," என்றாள். "இந்தத் தடவை துண்டை நனைக்காம எழுதுங்க."

எழுதினேன். இந்தத் தாளில் அவள் ஆறு மணிக்கே வந்துவிட்டாள்.