கொப்பிக்காரியின் பிள்ளைப்பேறு

அது ஒரு நாற்பது பக்கக் கொப்பி. அட்டையில் இருந்த மூத்த மகளின் பெயரை வெட்டிவிட்டு, அந்தக் கர்ப்பிணி தன் கேள்விகளை அதில் எழுதி வைத்திருந்தாள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் புத்தூரில் மருத்துவமாதாக இருந்தேன். கர்ப்பிணிகளுக்கான கிளினிக்குக்கு அந்தக் கொப்பியோடு அவள் வந்தாலே நான் மணிக்கூட்டைப் பார்ப்பேன். ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் அடுத்தது தயாராக நிற்கும். பிள்ளை பெறும்போது மல்லாந்துதான் படுக்க வேண்டுமா? எந்தக் கட்டத்தில் பயப்பட வேண்டும்? தற்செயலாக வீட்டில் பிறந்துவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? வெங்காயம் நடுகிறவளுக்கு ஏன் இந்த விண்ணாணக் கேள்வியெல்லாம் என்று மனதுக்குள் முணுமுணுத்திருக்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

கேட்பதற்கு அவளுக்குக் காரணம் இருந்தது. மூத்தவளைப் பெற்றபோது இரத்தம் நிற்காமல் போய், அருந்தப்பில் பிழைத்தவள் அவள். என்ன நடக்கிறது என்று கேட்டதற்கு அதட்டுத்தான் கிடைத்ததாம். "சாகப்போறன் எண்டதைவிட, ஒண்டும் தெரியாமல் கிடந்ததுதான் மிஸ்ஸி பெரிய பயம்" என்றாள். தாதியைப்போல மருத்துவமாதையும் ஊரில் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். மறுபடியும் இரத்தம் போகக்கூடும் என்பதை ஒளிக்காமல் சொன்னேன். யோசித்து, ஆஸ்பத்திரியில்தான் பெறுவது என்று அவளே முடிவெடுத்தாள். போரால் பெற்றோல் கிடைக்காத காலம்; மண்ணெண்ணெயில் ஓடுகிற பழைய கார் ஒன்றையும் வீட்டார் பேசி வைத்தார்கள். அந்த "தற்செயலாக" என்ற கேள்வி உறுத்தியதால், வைத்தியரிடம் கேட்டு, இரத்தப்போக்கை நிறுத்தும் ஊசியொன்றை என் பையில் வைத்துக்கொண்டேன். "உங்கடை உடம்பைப் பற்றி உங்களுக்குத்தான் தெரியும்" என்று கிளினிக்கில் எல்லோருக்கும் சொல்வேன். பாடமாக்கியதை ஒப்பிப்பதுபோலத்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை, பத்தரை மணிபோல, வலி தொடங்கிவிட்டதென்று அவளுடைய புருஷன் சைக்கிளில் வந்து கூப்பிட்டான். போய்ச் சோதித்தேன். இன்னும் நேரம் இருப்பதாகத் தெரிந்தது. வெளியே மாமனார் பஞ்சாங்கமும் கையுமாக நின்றார். ராகுகாலமாம், பன்னிரண்டு மணிவரை யாரும் படலை தாண்டக் கூடாதாம். அவரோடு ஏன் மல்லுக்கட்டுவான் என்று, "பன்னிரண்டுக்குப் பிறகு வெளிக்கிடலாம்" என்றேன் நானும்.

கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவள் தலையை ஆட்டினாள். "இல்லை மிஸ்ஸி. அதுவரைக்கும் தாங்காது. இப்ப வெளிக்கிட்டாலும் றோட்டிலைதான் பிறக்கும். நான் இஞ்சையே பெறுறன்."

"பிள்ளை, நான் இப்பதானே பாத்தனான்."

"நீங்கள் கையாலை பாத்தனீங்கள். நான் உள்ளுக்கை இருந்தெல்லோ பாக்கிறன்."

எனக்குக் கோபம் வந்தது. பிறகுதான் உறைத்தது: கிளினிக்கில் நான் ஒப்பித்ததை அவள் நம்பிவிட்டாள், நம்பாதவள் நான்தான். முழந்தாளிட்டு, மரக்குழாயை வயிற்றில் வைத்துக் கேட்டேன். பிள்ளையின் இதயம் நன்றாக அடித்தது. "இரத்தம் போனால் ஊசி கிடக்கு. ஆனா ஏத்துறதுக்கு இரத்தம் இஞ்சை இல்லை" என்றேன். "தெரியும். ஊசியை எடுத்து வையுங்கோ. காரும் வாசலிலை நிக்கட்டும்" என்றாள்.

படுக்க மாட்டேன் என்றுவிட்டாள். முழந்தாளில் நின்று கட்டிலில் சாய்ந்துகொண்டாள். நான் இடுப்பைத் தேய்த்துவிட்டேன். கால் மணித்தியாலத்துக்குள் ஆண் பிள்ளை வழுக்கிக்கொண்டு என் கைகளுக்குள் வந்துவிட்டான். கதவுக்கு வெளியே மாமனாரின் குரல்: "மிஸ்ஸி, சாதகத்துக்குத் தலை தெரிஞ்ச நேரத்தைக் குறிக்கிறதோ, முழுசாப் பிறந்த நேரத்தையோ?" அந்தக் களைப்பிலும் அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

நஞ்சுக்கொடி விழுந்ததும் இரத்தம் போகத் தொடங்கியது. ஊசியைப் போட்டு அடிவயிற்றை அமத்தித் தேய்த்தேன். "குறையுதோ மிஸ்ஸி?" "இன்னும் இல்லை, பிள்ளை." மறுபடி கேட்டாள். "இப்ப குறையுது." அவள் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை. "நிண்டிட்டுது" என்று சொன்ன பிறகுதான் அடிவயிற்றிலிருந்து கையை எடுத்தேன். என்றாலும் வைத்தியர் பார்க்கத்தான் வேண்டும். காரில் ஏற்றப் போனால், மாமனார் மறுபடியும் பஞ்சாங்கத்தைத் தூக்கினார்.

"மாமா, உங்கடை பேரனே ராகுகாலத்திலைதான் வெளிக்கிட்டு வந்தவன்" என்றாள்.

கிழவர் ஒரு கணம் யோசித்தார். பஞ்சாங்கத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, கார் முன்சீட்டில் முதல் ஆளாக ஏறி இருந்தார்.

போன வருடம் கனடாவில் என் மகள் பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரியில் இருந்தாள். தொலைபேசியில் கூப்பிட்டாள். "அம்மா, வலி வாறதுக்கு மருந்து ஏத்துவமோ, இன்னும் பொறுத்துப் பாப்பமோ எண்டு கேக்கினம். நீங்கள் சொல்லுங்கோ." என்னுடைய பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"ரெண்டிலையும் என்ன நன்மை, என்ன ஆபத்து எண்டு சொன்னவையோ?"

"ஓம்."

"விளங்கினதோ?"

"ஓம் அம்மா."

"அப்ப உனக்கு என்ன மனசிலை படுகுது?"

அவள் அரை நிமிடம் யோசித்தாள். அந்த அரை நிமிடம் வாயை மூடிக்கொண்டு இருந்ததைப்போல ஒரு கஷ்டமான பிரசவத்தை நான் என் உத்தியோக காலத்தில் பார்த்ததில்லை.