முட்டை பூசிய கார்

போன வாரம் காரைக்குடியில் மகனுடைய புதுக் காருக்கு ஏதோ கோட்டிங் அடித்தார்கள். மேலே கண்ணாடி மாதிரி ஒன்று, அடியில் துருப்பிடிக்காமலிருக்கக் கறுப்பாக ஒன்று. அந்த நெடி மூக்கில் ஏறியதும் எனக்கு முட்டை ஞாபகம் வந்துவிட்டது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

அப்போது நான் கீழச்சிவல்பட்டியில் ஓர் ஆச்சி வீட்டுக்கு டிரைவர். பெண்கள் ஏதாவது கேட்டால் வைப்பரைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்கிற ஆள். ஆச்சியின் மகளுக்குக் கலியாணம். மாப்பிள்ளை தங்கள் காரிலேயே வந்துவிடுவார் என்று அவர்கள் வீட்டில் சொல்லியும், கோயிலிலிருந்து நம் காரில்தான் அழைத்துவர வேண்டும் என்று ஆச்சி பிடிவாதமாக இருந்தார்கள். காரோ பெயிண்ட் வெளுத்துக் கிடந்தது. புதிதாக அடிக்க நாள் இல்லை. சம்பந்தி முன்னால் தலைகுனிய நேருமே என்று ஆச்சிக்குத் தூக்கமே போய்விட்டது.

ஒரு நாள் காலையில், முகம் தெரிகிற அந்த வீட்டுச் சுவரைக் காட்டினார்கள்.

“சுண்ணாம்புல முட்டை வெள்ளைக்கரு சேத்துப் பூசுனது. எங்க ஐயா காலத்துச் செவுரு, இன்னும் மின்னுது. செவுத்துக்கு ஆகுறது காருக்கு ஆகாதாப்பா?”

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். எனக்கும் சரியாகத்தான் பட்டது. ஒரு கூடை முட்டையை உடைத்து, வெள்ளைக்கருவை அடித்து, பழைய வேட்டித் துணியால் பூசினோம். நிழலில் கார் பளபளவென்று நின்றது. ஆச்சி அதில் முகம் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டார்கள்.

கோயில் வாசலில் வெயில் ஏறியது. மாப்பிள்ளை உட்காரும்போதே பானெட் தோலுரியத் தொடங்கிவிட்டது. பின்னால் நாதசுரம், அதற்கும் பின்னால் தெருநாய்கள்.

“டிரைவரண்ணே, உள்ள யாரும் முட்டை பொரிச்சீகளா?” என்றார் மாப்பிள்ளை. நான் வைப்பரைப் பார்த்தேன்.

வீட்டு வாசலில் இறங்கியவர் பானெட்டை விரலால் சுரண்டினார். வெள்ளைச் செதில் ஒன்று கையோடு வந்தது. ஆரத்தித் தட்டோடு நின்ற ஆச்சியின் முகத்தில் ரத்தமே இல்லை.

“அயித்தை, நீங்க முட்டையோட நிறுத்திட்டீக,” என்றார் மாப்பிள்ளை மெதுவாக. “எங்க அப்பச்சி, செவுத்துக்குப் போடுற மாதிரியே கடுக்காய்த் தண்ணியும் சேத்துல்ல பூசுனாக. எங்க வெள்ளைக் காரு, இப்பக் கறுப்பாக் கெடக்கு.”

பக்கத்தில் நின்ற அந்த அப்பச்சி, மாப்பிள்ளையின் அப்பா, அவர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் ஆச்சி சிரித்த சிரிப்பில் ஆரத்தித் தண்ணீர் பாதி என் சட்டையில்.

மேலே பூசிய மும்முரத்தில் அடியில் குனிந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த மழைக்குப் பின்சீட்டுக் காலடித் தகடு துருவில் உதிர்ந்து, ஆச்சி உட்கார்ந்தபடியே ரோட்டைப் பார்த்தார்கள். அந்தக் கார் பழைய இரும்புக்குப் போனது. பிறகு வேறு கார்கள் வந்தன. ஆச்சி இருந்தவரை மாப்பிள்ளை, வாசலில் எந்தக் கார் நின்றாலும் மோந்து பார்த்துவிட்டுத்தான் படியேறுவார். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வரும்.

இப்போதும் வருகிறார். நேரே உள்ளே போய்விடுகிறார்.