அஜின்கோர்ட் தளபதி

அருள்நாயகம் அண்ணை தன் வாழ்நாளில் யார்மீதும் ஒரு கல்லைக்கூட எறிந்ததில்லை. ஊரில் இயக்கத்துக்கு ஆள் சேர்க்கத் தொடங்கிய வருடமே தகப்பன் காணியை விற்று அவரை விமானம் ஏற்றிவிட்டார். ரொறன்ரோவுக்கு வந்து, மிசிசாகாவில் ஓர் அலுவலகக் கட்டடத்துக்குக் காவலிருந்து, இருபத்தைந்து வருடத்தில் அவராகவே தளபதியாகிவிட்டார்.

காவல் மேசையில் யாரோ விட்டுப்போன தடித்த புத்தகம்தான் அவருடைய பயிற்சி முகாம். இங்கிலாந்து அரசர்களின் பழைய சண்டைகள் பற்றியது. அதில் அஜின்கோர்ட் என்ற பெயரைக் கண்டதும் மனுசனுக்குத் தலைகால் புரியவில்லை. ரொறன்ரோவில் தான் வாடகைக்கு இருக்கும் பகுதியின் பெயரும் அதுவல்லவா. அன்று பிடித்தது எங்களுக்குச் சனியன்.

பாலேஸ்வரியின் ரேக்-அவுட் சாப்பாட்டுக் கடையில்தான் கொலுவிருப்பார். 2009இல் வன்னியில் ஒவ்வோர் ஊராக விழ விழ, இவருக்குக் குரல் ஏறியது.

"உது தந்திரோபாயப் பின்வாங்கல். அஜின்கோர்ட்டிலை இங்கிலாந்துப் படையும் பின்வாங்கித்தான் போனது. பசி, வயித்தோட்டம், ஆளும் குறைவு. பிரெஞ்சுக்காரர் இரும்புச் சட்டையோடை சேத்துக்குள்ளை புதைய, வில்லுக்காரர் அடிச்சு முடிச்சவை. உள்ளுக்கு வரவிட்டு அடிக்கிறது."

கிளிநொச்சி போனபோதும் இதுதான். புதுக்குடியிருப்பு போனபோதும் இதுதான். போரை நிறுத்தச் சொல்லி வீதியில் மனிதச் சங்கிலிக்குக் கூப்பிட்டால் மட்டும் தளபதிக்கு முழங்கால் நோவு. நானும் திறமில்லை. அவர் வாங்கித் தந்த ரோல்ஸைத் தின்றுகொண்டு, "ஓம் அண்ணை" என்று தலையாட்டியவன்தான்.

பாலேஸ்வரி மட்டும் உண்மையாகவே நம்பினாள். அவளுடைய தம்பி துஷாந்த் அங்கே இயக்கத்துக்கு வாகனம் திருத்துகிறவன். மார்ச்சில் தொலைபேசி எடுத்து, எல்லாவற்றையும் எறிந்துவிட்டுச் சனத்தோடு இராணுவத்தின் பக்கம் போகட்டா என்று கேட்டிருக்கிறான். "கொஞ்சம் பொறு, திருப்பி அடிக்கப் போகினமாம்" என்று சொன்னவள் இவள்.

மே மாதம் மறுபடியும் எடுத்தான், ஒரே ஒரு நிமிடம். "விடிய வெள்ளைத்துணியோடை போறம், அக்கா." பிறகு இரண்டு நாள் சத்தமில்லை. சண்டை முடிந்துவிட்டதென்று தொலைக்காட்சி சொன்னது.

அன்றும் தளபதி வந்து தேநீர் கேட்டார். பாலேஸ்வரி கொண்டுவந்து வைத்தாள், போகாமல் நின்றாள்.

"அண்ணை, உங்கடை அஜின்கோர்ட்டிலை சரணடைஞ்ச ஆக்களை என்ன செய்தவை?"

அதுவும் அந்தப் புத்தகத்தில் இருந்தது. ஒருமுறை வாங்கிப் பார்த்திருக்கிறேன். எதிரி திரும்ப வந்துவிடுவான் என்று பயந்த இங்கிலாந்து அரசன், பிடிபட்டவர்களை வெட்டச் சொன்னான். எங்களுக்கு நாற்பது தரம் அந்தச் சண்டையைச் சொன்னவர், இதை ஒருதரமும் சொன்னதில்லை.

அவர் தேநீரில் சீனியைப் போட்டுக் கலக்கினார். எனக்கு அந்த முகத்தில் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. வழக்கம்போல ரோல்ஸைக் கடித்தேன்.

"உது அறுநூறு வரியத்துக்கு முந்தின கதை, தங்கச்சி. உதையும் எங்கடையையும் ஒப்பிடக் கூடாது."

பாலேஸ்வரி குரலை உயர்த்தவில்லை.

"இதை மார்ச்சிலை சொல்லியிருக்கலாமே, அண்ணை."