சனிக்கிழமை இலை

கரீபியன் தீவான குவாதலூப்பில் நரம்பு டாக்டர் எலியெத்திடம் வந்தவர்களில் பலருக்கு மருந்து வேலை செய்யவில்லை. கை நடுங்கும், உடம்பு விறைக்கும், பார்த்தால் நடுக்குவாதம்தான். ஆனால் அதற்குரிய மாத்திரையால் பயனில்லை. சீக்கிரமே பின்பக்கமாகச் சாய்ந்து விழுவார்கள். கண் கீழே இறங்காது. தட்டில் கிடக்கும் மீன் தெரியாது. பதினெட்டு வருஷம் காரணம் தேடினார் எலியெத். கிணற்று நீர், வாழைத் தோட்டத்துப் பூச்சிமருந்து, பரம்பரை என்று நாற்பது கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று வைத்திருந்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

ஒருநாள் வார்டில் மீனவர் தெயோதூலுக்கு அவர் மனைவி பிளாஸ்கிலிருந்து ஏதோ ஊற்றிக் கொடுத்தாள்.

"என்னம்மா அது?"

"முள்சீத்தா இலை கஷாயம், டாக்டரம்மா. இது இல்லாம இந்த மனுஷன் தூங்க மாட்டாரு."

"இத்தனை கேட்டேனே, இதச் சொல்லலையே?"

"நீங்க சாப்பாடு கேட்டீங்க, மருந்து கேட்டீங்க. இது ரெண்டும் இல்லையே. ஏன், உங்க வீட்ல குடிக்கறதில்லையா?"

குடிப்பார்கள். அதனால்தான் எலியெத்துக்குக் கேட்கத் தோன்றவில்லை. வெளியூர் டாக்டர் யாராவது முதல் வாரமே கேட்டிருப்பார்.

பழைய நோயாளிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார். பெரும்பாலோர் வருஷக்கணக்காகக் குடித்தவர்கள். இலைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஆரம்பத்திலேயே நிறுத்திய சிலருக்கு நோய் அதற்குமேல் ஏறவில்லை.

அந்தச் சனிக்கிழமை தன் அம்மா இஸ்மெரியின் வீட்டுக்கு எலியெத் வெறுங்கையோடு போனார். அம்மா அந்த வருஷம் இரண்டு முறை விழுந்திருந்தாள். தரை வழுக்குது என்றாள். எலியெத் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்திருந்தார். இப்போது மேஜையில் எதிரே இருந்த கரண்டியை அம்மா கையால் தடவித் தேடுவதைப் பார்த்தார்.

"அம்மா, இனிமே கஷாயம் வேண்டாம்."

"போடி. நீ பொறந்த அன்னிக்கே ஒரு சொட்டு உன் வாயில வெச்சேன். செத்தா போயிட்ட? டாக்டராத்தானே ஆன?"

இரண்டு வாரம் சண்டை போட்டு நிறுத்த வைத்தார். நோயைச் சமயத்தில் பிடித்துவிட்டோமா, பிந்திவிட்டோமா என்பதுதான் கேள்வி. மாதாமாதம் அம்மாவை நடக்கவிட்டு, திரும்பி நிற்க எத்தனை அடி வைக்கிறாள் என்று எண்ணினார். ஐந்து. ஆறு. கொஞ்ச காலம் ஆறிலேயே நின்றது. எலியெத் நம்பிக்கை வைத்தார். பிறகு ஒன்பது. பிறகு அம்மா படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. பேச்சு குழறியது, விழுங்கும்போது புரையேறியதால் தண்ணீரையும் கெட்டியாக்கித்தான் புகட்ட வேண்டியிருந்தது.

ஆராய்ச்சிக்கு அம்மாவின் படிவமும் வேண்டும். நர்ஸ் ஃப்ளோரீஸ் சொன்னாள்: "நான் எழுதறேன் டாக்டர். நீங்க கொஞ்ச நேரம் வெளிய இருங்க."

"வேண்டாம். அவங்க பேசறது எனக்குத்தான் புரியும்."

கேள்விகளின் வரிசையை எலியெத் மாற்றியிருந்தார். இலை முதலில் வந்தது.

"கஷாயம் தினமும் குடிச்சீங்களா?"

"ம்."

"எத்தனை வருஷமா?"

"உங்கப்பா போனதுலேருந்து. தூக்கம் வரல."

இருபத்திரண்டு என்று எழுதினார்.

"இலை யார் கொண்டு வருவாங்க?"

அம்மாவின் கண்கள் நேரே சுவரைப் பார்த்தன. வார்த்தை மெதுவாக வந்தது. "உனக்குத் தெரியாதா? சனிக்கிழமைன்னா உன் வீட்டு மரத்துலேருந்து நீதானே பறிச்சிட்டு வருவ. மறந்ததே இல்லையே, என் தங்கம்."

ஃப்ளோரீஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எலியெத் எழுதினார்: மகள். வாரம் ஒருமுறை. தவறாமல்.

அடுத்த கேள்விக்குப் போனார்.