தாழ்ப்பாள் நிற்காத கதவு

ஐந்து வயதுக் குழந்தை சிறுநீரை அடக்கிவைக்க யாரிடம் கற்றுக்கொள்கிறது? டாக்டர் கேட்டார்.

அடையாறில் எங்கள் ஃபிளாட்டில் எல்லாப் படுக்கையறைக்கும் அட்டாச்டு பாத்ரூம் உண்டு. இன்று காலை மகளுடையதைக் கழுவும்போது, ஃபினாயில் வாடை என்னை மேற்கு மாம்பலத்துக்கே கொண்டுபோய்விட்டது.

அங்கே அப்பா வீட்டில் கொல்லையில் ஒரே பாத்ரூம். மாடியில் குடியிருந்தவர்களுக்கும் அதுதான். தாழ்ப்பாள் நிற்காது; அதனால் உள்ளே இருப்பவர் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். அப்பாவுக்குப் பாட வராது, இருமுவார். என் சரளி வரிசைச் சாதகமெல்லாம் அங்கேதான். கொஞ்சம் மூச்சு வாங்கினால், வாளியோடு நிற்கும் மாடி வீட்டு அக்கா, "இன்னாடி, பாட்டு நின்னு போச்சு? தூங்கிட்டியா?" என்பாள். வெட்கம் தெரியாமல் வளர்ந்தேன்.

வெட்கம் கல்யாணத்துக்குப் பிறகு வந்தது. அப்பா வீட்டுக்கு வந்தால் என் மாமியார் காபித் தம்ளரைத் தொடவே மாட்டார். கொல்லைக்குப் போக நேர்ந்துவிடுமே என்றுதான் என்பது எனக்குப் புரியவே நாளாயிற்று. பிறகு நானும் மகளை அங்கே அழைத்துப்போகும்போதெல்லாம் பையில் டெட்டால் வைத்துக்கொண்டேன். எதையும் தொடாதே என்றேன்.

போன விடுமுறையில் அவளைச் சில நாள் அங்கே விட்டிருந்தேன். தண்ணீர் குடிக்காமல், அடக்கிக்கொண்டே இருந்திருக்கிறாள். காய்ச்சலோடு திரும்பினாள். இன்ஃபெக்‌ஷன். ஏன் போகவில்லை என்று கேட்டேன்.

"வெளிய இருக்கற பாத்ரூம் வேலைக்காரங்களுக்குத்தானேம்மா?"

எங்கள் கார் பார்க்கிங் மூலையில் வாட்ச்மேனுக்கும் வீட்டு வேலைக்கு வருபவர்களுக்கும் ஒன்று கட்டியிருக்கிறார்கள். அது யாருக்கு என்று நான் அவளிடம் சொன்னதே இல்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லையோ?

மாமியார் குரலை உயர்த்தவில்லை. "இனிமே உங்க அப்பா அம்மாவே இங்க வந்து பாப்பாவைப் பாத்துட்டுப் போகட்டும்மா" என்றார்.

இதை அப்பாவிடம் போனில் உளறியிருக்கக் கூடாது. மறுநாளே கொத்தனாரைக் கூட்டிவந்துவிட்டார். அப்பா அம்மாவின் படுக்கையறையை ஒட்டி இருப்பது அம்மாவின் பூஜை அறை ஒன்றுதான். அட்டாச்டு கட்ட அதை இடிக்க வேண்டும். அம்மாவிடம் வேண்டாம் என்று கெஞ்சினேன்.

"சாமி அலமாரில இருந்துப்பாரு. பாப்பா வரணுமில்ல?"

மாடி இப்போது காலி. வாளியோடு காத்திருக்க ஆளில்லை. கொல்லையில் பாட்டும் இல்லை. அப்பாவின் இருமல் மட்டும், அதுவும் நிஜ இருமல்.

இந்த வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும் இடிக்கலாம் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அதற்குள் அப்பாவைத் தடுக்கட்டுமா? மகளை அந்தக் கொல்லைக்கு அழைத்துப்போய், கதவுக்கு வெளியே நான் நின்றுகொண்டு, உள்ளே அவளைப் பாடச் சொல்லட்டுமா? அவள் மறுபடி அடக்கிக்கொண்டால்? பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.