பின்னட்டையில் ஒரு பேர்

ஜெயங்கொண்டத்தைச் சுற்றி இருபது ஊரில் செத்தவர்களில் ஒருத்தர்கூடக் கஞ்சன் கிடையாது, குடிகாரன் கிடையாது, அடுத்தவன் வரப்பை வெட்டியவன் கிடையாது. அத்தனை பேரும் வள்ளல்கள். அப்படி ஆக்கிவிட்டவன் அமாவாசை.

காரியத்தன்று படத்திறப்பு வைத்து, வந்தவர்கள் கையில் நினைவு மலர் என்று ஒன்றைக் கொடுக்கிறார்களே, அதில் வரும் வாழ்க்கை வரலாறு அவன் எழுதுவது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுச் சிமெண்ட் குடோனில் மூட்டை தூக்கப் போனவன். மனு எழுதிக் கொடுக்க ஆரம்பித்து, கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு நாலு வரி எழுதி, மலருக்கு வந்து சேர்ந்தான். இன்னும் பாதி நாள் மூட்டை, பாதி நாள் எழுத்து. குடோனைத் தலைமுழுகிவிட்டு எழுத்திலேயே பிழைக்க வேண்டும், நாற்பத்தெட்டு வயதில் அவனுக்கு இருந்த ஒரே ஆசை அதுதான்.

அதற்கு மலரின் பின்னட்டையில் ‘எழுதியவர் அமாவாசை’ என்று பேரும் ஃபோன் நம்பரும் வர வேண்டும். ஒரு மலர் ஐந்நூறு வீட்டுக்குப் போகிறது. வந்துவிட்டால் கும்பகோணத்திலிருந்தும் விருத்தாசலத்திலிருந்தும் ஆள் தானாகத் தேடி வருவான். பதினேழு மலர் எழுதியாயிற்று. பந்தல்காரன் பேர் வந்தது, மைக்செட்காரன் பேர் வந்தது, இவன் பேர் வரவில்லை.

“நாலு பக்கம் எழுதினதுக்குப் பேரா? மூட்டைக்கு மூட்டை ஓம் பேர எழுதிட்டா எறக்குற?” என்றான் மலர் போட்ட வீட்டுக்காரன் ஒருத்தன். “எம் மவன் ஃபோன்ல கேட்டா அதுவே எழுதித் தருது. பாவமேன்னு ஒன்னக் கூப்பிட்டேன்” என்றான் இன்னொருத்தன்.

அமாவாசைக்கும் அவர்கள் மேல் மரியாதை ஒன்றும் கிடையாது. ப்ரூஃப் கொண்டுபோய்க் கொடுத்தால் அவரவர் பேரைத் தேடுவார்கள். பட்டம் இருக்கிறதா, தன் போட்டோ மச்சான் போட்டோவைவிடப் பெரிசா, அதோடு சரி. செத்தவன் கதையை ஒரு பயல் படிக்க மாட்டான். ஒருமுறை அச்சில் ஒரு பக்கம் விட்டுப்போய், ஆள் பிறக்காமலேயே கல்யாணம் செய்துகொண்டிருந்தார். கேட்க நாதியில்லை.

பதினெட்டாவதாக வெள்ளைச்சாமி செத்தார். முந்திரி வியாபாரி. அமாவாசையின் தெரு சுடுகாட்டுக்குப் போகும் பாதையைத் தன் தோப்போடு சேர்த்துக் கம்பிவேலி போட்டவர். மூன்று வருஷத்துக்கு முந்தி ஐப்பசி மழையில் அமாவாசை தன் தாய் ஆண்டாயியின் பாடையை இடுப்பளவு ஓடைத் தண்ணீரில்தான் தூக்கிப் போனான். வெள்ளைச்சாமி வேலிக்கு அந்தப் பக்கம் குடை பிடித்து நின்று, எவனாவது கம்பியில் கை வைக்கிறானா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் மகன் ராஜராஜன், வரப்போகிற ஒன்றியத் தேர்தலில் நிற்க வேட்டியைக் கஞ்சி போட்டு வைத்திருப்பவன், அமாவாசையைக் கூப்பிட்டு விட்டான்.

“அப்பாவப் பத்தி ஜம்முனு எழுது. உங்க தெருவுக்குச் சுடுகாட்டுப் பாதை குடுத்தாருன்னு ஒரு பாரா போட்டுடு.”

“பாதை ஏதுங்க? வேலியில்ல இருக்கு.”

“எழுதுய்யா. பொறவு பாத்துக்கலாம். படிக்கிறவன் டேப்பு புடிச்சு அளக்கவா போறான்?”

அமாவாசை நோட்டை மூடி அக்குளில் இடுக்கினான்.

“என்ன, ஓம் பேரு போடணும், அதானே? பின்னட்டையில போட்டுக்க, போ. நம்பரும் போட்டுக்க.”

வீட்டில் சொன்னதும் பெண்டாட்டி சுமதி கரண்டியைக் கீழே வைத்தாள். “ஒங்கம்மாவ ஓடையில தூக்கிட்டுப் போனப்ப தெருமுனையில நின்னு நானுந்தான் பாத்தேன். அந்த ஆளு பாதை குடுத்தான்னு எழுதி, அதுக்குக் கீழ ஓம் பேரா?”

“பேரு வராம மூட்டை தூக்கியே சாவச் சொல்றியா?”

“வரட்டும். அப்பறம் இந்தத் தெரு ஒன்ன என்ன பேரு சொல்லிக் கூப்புடுதுன்னு பாரு.”

அமாவாசை இரண்டு நாள் குடோனுக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் ப்ரூஃபோடு போய் நின்றான். அதில் அந்தப் பாரா இப்படி இருந்தது: ‘எங்கள் தோப்பின் கீழ்வரப்பை ஒட்டி, தார் ரோட்டிலிருந்து சுடுகாடு வரை பன்னிரண்டு அடி அகலத்தில் பாதை விட்டுக் கொடுத்தார். அது அத்தெரு மக்களுக்கே என்றும் உரியது என்று குடும்பத்தார் உறுதி கூறுகிறோம்.’

ராஜராஜன் பக்கங்களைப் புரட்டினான். “தொழிலதிபர்னு போடச் சொன்னேன்ல? வெறும் ராஜராஜன்னு கெடக்கு. எங்க சித்தப்பன் மூஞ்சி எதுக்குய்யா இம்மாம் பெருசு?” பாரா இருந்த பக்கத்தைக் கட்டைவிரலால் தள்ளிவிட்டுப் போனான்.

அச்சகத்தில் அய்யம்பெருமாள் பின்னட்டையைக் காட்டினார். ‘எழுதியவர் அமாவாசை.’ சிவப்பு மையில் இருந்தது. அமாவாசை அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

“இத எடுத்துடுங்க.”

“யோவ், இதுக்குத்தானேய்யா பதினேழு மலரா அழுத?”

“எழுதியவர் தொழிலதிபர் ராஜராஜன்னு போடுங்க. கொட்டை எழுத்துல.”

அட்டையைப் பார்த்து ராஜராஜனுக்கு வாயெல்லாம் பல். படத்திறப்புக்கு வந்தவர்களிடம், “ராப்பகலா ஒக்காந்து நானே எழுதினேன்” என்று பந்தி பந்தியாகச் சொன்னான். ஒருத்தனாவது எந்தப் பாதை என்று கேட்டானா? சாம்பார்தான் கேட்டார்கள்.

அடுத்த திங்கள்கிழமை தெருவே அரியலூருக்கு பஸ் ஏறிப் போய், குறைதீர் நாளில் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தது. மனுவோடு மலரையும் சேர்த்துக் குத்தியிருந்தார்கள். குடும்பமே அச்சடித்து உறுதி சொன்ன பாதையில் வேலி எப்படி நிற்கிறது என்று கேட்டிருந்தது மனு. முதல் கையெழுத்து அமாவாசை.

பத்தாம் நாள் சர்வேயர் டேப்போடு தோப்பில் வந்து நின்றார். குடோனில் அமாவாசையின் ஃபோன் அடித்தது.

“டேய், என்னாடா எழுதி வச்சிருக்க?”

“நான் எங்கங்க எழுதினேன்? நீங்கதான் ராப்பகலா எழுதினதாச் சொன்னீங்க. பேரு வேற போட்டிருக்கே, பின்னட்டையில.”

அந்தப் பக்கம் தாள் புரளுகிற சத்தம் கேட்டது. அமாவாசை எழுதியதை ஒருத்தன் வரி விடாமல் படிப்பது அதுதான் முதல் தடவை.

“பொறுமையாப் படிங்க” என்று ஃபோனை வைத்துவிட்டு, அடுத்த மூட்டைக்கு முதுகைக் கொடுத்தான்.